ஒரே நாடகம், 36 பிள்ளைகள்: எந்த வழியில் நடத்துவது?

ஒரு வகுப்பு, 36 பேர், ஏழு வாரம். நடத்த வேண்டியது ஷேக்ஸ்பியரின் ‘மெக்பெத்’ நாடகம். புத்தகம் கொடுத்த அன்று இரவே முழுவதும் படித்துவிட்டு வந்து, “கடைசியில் அந்தச் சூனியக்காரிகள் என்ன ஆனார்கள் மிஸ்? ஆளையே காணோமே!” என்று கேட்கும் பெண் முன் பெஞ்சில் இருக்கிறாள். ஜன்னல் ஓரத்துப் பையன் வரிக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டிருக்கிறான். இரண்டாவது வரியின் முடிவுக்கு வருவதற்குள் முதல் வரி அவனுக்கு மறந்துவிடுகிறது. இவர்கள் இருவருக்கும் நடுவில் இன்னும் 34 பேர்.

ஆங்கில இலக்கியம் நடத்துகிற யாருக்கும் இது புதிதல்ல. இவர்களை எந்த வழியில் கூட்டிக்கொண்டு போவது என்பதை முதல் பாட வேளைக்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். மூன்றாவது வாரத்தில் வழியை மாற்றினால் பிள்ளைகள் குழம்புவார்கள், நம் உழைப்பிலும் பாதி வீண். ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு எழுந்தால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்: சுருக்கப் பதிப்பு கொடுங்கள், குழு பிரியுங்கள், நடிக்க வையுங்கள், படத்தைப் போட்டுக் காட்டுங்கள். எல்லாவற்றையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே பருவத்தில் எல்லாவற்றையும் கலந்து செய்து சொதப்பியும் இருக்கிறேன்.

இப்போதெல்லாம் எந்த வழியை எடைபோட்டாலும் முதலில் ஒரே ஒரு கேள்விதான். சரளமாகப் படிக்க வராத பிள்ளை, வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கதையைப் பற்றி ஒன்றைச் சொல்ல இதில் இடம் இருக்கிறதா? படிக்கத் திணறுவது வேறு, யோசிக்கத் திணறுவது வேறு. பதினான்கு வயதுப் பிள்ளைக்குப் பொறாமை தெரியும், பயம் தெரியும், ஒன்றைச் செய்துவிட்டு மறைப்பது எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரியும். எழுத்துதான் குறுக்கே நிற்கிறது. எழுத்தைத் தாண்டினால்தான் யோசிக்க அனுமதி என்று வைக்கிற எந்த முறையும் என் பட்டியலில் கீழே போய்விடும்.

அந்தக் கணக்கில் ஒரு பழைய பழக்கத்தை உடனே கழித்துவிடலாம். வரிசையாக எழுந்து ஆளுக்கொரு பத்தி வாசிப்பது. தன் முறைக்கு எந்தப் பத்தி வரும் என்று எண்ணிப் பார்த்து, அதை மட்டும் வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பவன் காதில், மன்னர் செத்தாரா பிழைத்தாரா என்பது விழாது. நன்றாகப் படிப்பவர்களோ அதற்குள் இரண்டு பக்கம் தாண்டியிருப்பார்கள்.

சுருக்கப் பதிப்பை அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாது. சார்ல்ஸ் லாமும் அவருடைய அக்கா மேரியும் ஷேக்ஸ்பியரின் 20 நாடகங்களைச் சிறுவர்களுக்கான உரைநடைக் கதைகளாக எழுதி வெளியிட்டது 1807இல். அதன் முன்னுரையிலேயே, இது மூல நாடகங்களுக்கு ஓர் அறிமுகம் என்று சொல்லியிருக்கிறார்கள். வகுப்பறையில் என்ன நடக்கிறதென்றால், அறிமுகத்தோடு அனுப்பிவைத்துவிடுகிறோம். கையில் மிஞ்சுவது “மெக்பெத் மன்னரைக் கொன்றான், பிறகு நிம்மதி இழந்தான்” என்கிற மாதிரி நான்கு வாக்கியம். அதைப் பற்றிக் கருத்துச் சொல் என்றால் பிள்ளை என்ன சொல்லும்? கொலை தப்பு என்று சொல்லும். அது இலக்கிய வகுப்பு இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பாதிப் பேர் கையில் தடிப் புத்தகம், பாதிப் பேர் கையில் மெலிந்த புத்தகம் என்றால், “இந்த வரியைப் பாருங்கள்” என்று வகுப்பு முழுவதையும் ஒரே இடத்துக்குக் கூப்பிட முடியாது. வகுப்பு அங்கேயே இரண்டாகிவிடுகிறது. அதனால் நான் சுருக்கத்தை வேறு மாதிரி பயன்படுத்துகிறேன். முதல் நாளே ஒரு பக்கத்தில் முழுக் கதையையும், முடிவு உட்பட, எல்லோருக்கும் கொடுத்துவிடுவேன். கதை தெரிந்தால் சுவை போய்விடுமே என்று சிலர் பதறுவார்கள். ‘ரோமியோ ஜூலியட்’டின் தொடக்கப் பாட்டே காதலர்கள் இருவரும் சாகப்போகிறார்கள் என்று சொல்லிவிட்டுத்தான் திரையை விலக்குகிறது. எழுதியவருக்கே இல்லாத கவலை நமக்கு எதற்கு?

அடுத்தது, பயிற்சி நாட்களில் அதிகம் பரிந்துரைக்கப்படுவது: தரம் பிரித்து ஒர்க்‌ஷீட் கொடுப்பது. ஒரு முழு வருடம் இதை விடாமல் செய்தேன். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று தாள். இரவெல்லாம் உட்கார்ந்து தயாரிப்பேன். எந்த நிறம் யாருக்கு என்ற ரகசியத்தைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒருவன் தன் பச்சைத் தாளை மடித்துப் பக்கத்திலிருப்பவனின் சிவப்புத் தாளுக்கு அடியில் வைத்து மறைத்ததை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன்.

தாள்களை வருடக் கடைசியில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் என் தவறே தெரிந்தது. பச்சைத் தாளில் எல்லாம் “யார்”, “எங்கே”, “எப்போது”. சிவப்பில் மட்டும் “ஏன்”. அதாவது வருடம் முழுக்க 12 பிள்ளைகளிடம் நான் ஒரு முறைகூட “ஏன்” என்று கேட்கவே இல்லை. சுலபமான கேள்வி என்று நினைத்துக் கொடுத்தது சுலபமும் இல்லை. எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க எழுத்தைத் துருவித் துருவிப் படிக்க வேண்டும், அவர்களுக்கு வராததும் அதுதான். அவன் ஏன் பயந்தான் என்றால் உடனே ஏதாவது சொல்லியிருப்பார்கள்.

தரம் பிரிப்பதில் காப்பாற்ற வேண்டிய ஒன்று இருக்கிறது. கேள்வி எல்லோருக்கும் ஒன்று, உதவி மட்டும் ஆளுக்கேற்ப. ஒருவனுக்கு ஓரத்தில் ஆறு கடினச் சொற்களுக்குப் பொருள். இன்னொருத்திக்குப் பதிலின் முதல் நான்கு சொற்கள். இன்னும் சிலருக்கு, எழுதுவதற்கு முன் வீட்டு மொழியில் பக்கத்துப் பிள்ளையிடம் இரண்டு நிமிடம் பேசிக்கொள்ள அனுமதி. உட், புரூனர், ராஸ் என்ற மூவர் 1976இல் இந்த மாதிரி உதவிக்குக் கட்டடத்துச் சாரம் என்ற உவமையைப் பயன்படுத்தினார்கள். பொருத்தமான உவமைதான், ஏனென்றால் கட்டடம் எழுந்ததும் சாரத்தைப் பிரிக்க வேண்டும். நிறம் போட்ட தாளை யாரும் பிரிப்பதில்லை. ஜூன் மாதப் பச்சை மார்ச் மாதமும் பச்சையாகவே இருக்கும்.

சரி, எழுத்துத்தான் தடை என்றால் அந்தச் சுமையை ஆசிரியர் தூக்கிக்கொண்டால் என்ன? புத்தகம் முழுவதையும் நாமே உரக்க வாசிப்பது, பிள்ளைகள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே வருவது, இடையில் அதிகம் நிறுத்தாமல் வேகமாகப் போவது. சோம்பேறித்தனமான வழி என்று நானும் நினைத்திருக்கிறேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு என் எண்ணத்தை மாற்றியது. 20 ஆங்கில ஆசிரியர்கள், 12 வாரம், கொஞ்சம் கடினமான இரண்டு முழு நாவல்கள், வழக்கத்தைவிட வேகமான வாசிப்பு. 12, 13 வயதுள்ள 365 மாணவர்களின் வாசிப்புத் திறன், தேர்வுக் கணக்குப்படி சராசரியாக எட்டரை மாத அளவு முன்னேறியது. படிப்பில் பின்தங்கியிருந்தவர்கள் மட்டும் 16 மாதம் முன்னேறினார்கள். ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காரணம் புரிகிறது. ஒரு நாவலைப் பருவம் முழுக்க இழுத்து, ஒவ்வொரு பத்திக்கும் நின்று சொற்பொருள் எழுத வைத்தால், கதை என்ற ஒன்று இருப்பதே பிள்ளைகளுக்கு மறந்துபோகும். வேகமாகப் போனால் அடுத்து என்ன என்ற ஆசையே மீதியை இழுத்துக்கொண்டு வரும்.

இதில் நன்றாகப் படிப்பவர்களுக்குச் சலிக்காதா என்று கேட்பார்கள். என் அனுபவத்தில் சலித்ததில்லை, காதில் எதைப் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால். “இந்த அத்தியாயத்தில் அவன் எத்தனை முறை பேச்சை மாற்றுகிறான் என்று கவனி” என்றால் போதும். செலவாவது நம் தொண்டைதான். ஒரே நாளில் மூன்று வகுப்புக்கு வாசித்த மாலைகளில் வீட்டில் பேச்சே வராது.

ஆனால் நாவலுக்குச் சரிப்பட்டது நாடகத்துக்கு அப்படியே சரிப்படாது. ஷேக்ஸ்பியரை எவ்வளவு ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாலும் பாதி வகுப்பின் கண்கள் மங்கிவிடும், ஏனென்றால் அந்தச் சொற்கள் ஓர் உடம்பு அசைவதற்காக எழுதப்பட்டவை. அதனால் நாடகத்துக்கு நடிப்புதான் என் தேர்வு. மேடை, உடை, ஆண்டு விழா என்று போக வேண்டாம். பெஞ்சுகளுக்கு நடுவே நான்கு அடி இடம் போதும்.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மெக்பெத் மன்னரைக் கொன்றுவிட்டுக் கீழே இறங்கி வருகிறான். மனைவி காத்திருக்கிறாள். ‘நீங்கள் பேசினீர்களா?’ என்று அவள் கேட்ட பிறகு வருவது நான்கே நான்கு துணுக்குகள்: எப்போது? இப்போதுதான். இறங்கி வரும்போதா? ஆமாம். ஆங்கிலத்தில் நான்குக்கும் சேர்த்து மொத்தம் ஆறு சொல். விரல் வைத்துப் படிக்கிற பையனாலும் ஒரு நிமிடத்தில் மனப்பாடம் செய்ய முடியும், எந்தக் கெட்டிக்காரப் பிள்ளையாலும் முதல் முறையிலேயே சரியாகச் சொல்லவும் முடியாது. ஜோடி ஜோடியாக எழுந்து மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கச் சொல்வேன்: கத்தி, கிசுகிசுத்து, அப்புறம் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சுவிடும் நேரம் நிறுத்தி. மூன்றாவதில் வகுப்பு தானாக அமைதியாகிவிடும். வெளியே வராந்தாவில் யாராவது செருப்புச் சத்தத்தோடு நடந்தால் நான்கைந்து பேர் திடுக்கிட்டுத் திரும்புவார்கள்.

மெக்பெத்தாக வருபவன் கையில் குத்துவாளுக்குப் பதில் இரண்டு ஸ்கேல் கொடுப்பேன், எதற்கென்று சொல்லாமல். கொலை நடந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டிய வாள்களை அவன் கையோடு கொண்டு வந்துவிட்டான். மனைவி அதைப் பற்றி வாய் திறப்பது பல வரிகள் கழித்துத்தான். “அவ்வளவு நேரம் அவள் கண்ணில் அது படவில்லையா?” என்று ஒரு முறை கேட்டேன். இருட்டு என்றாள் முன் பெஞ்சுப் பெண். நல்ல பதில்தான். வருடம் முழுக்கப் பச்சைத் தாளிலேயே இருந்திருக்கக்கூடிய ஜன்னல் ஓரத்துப் பையன் மெதுவாகச் சொன்னான்: “அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் மிஸ். பயந்துவிட்டானா என்று.” முன் பெஞ்சுப் பெண் திரும்பி அவனைப் பார்த்தாள். அப்புறம் புத்தகத்தைத் திறந்து அந்த வரிகளை மறுபடி படித்தாள், அவன் சொன்னது பொருந்துகிறதா என்று சரிபார்க்க.

இதில் அவன் வாசிப்பு எதுவும் கூடிவிடவில்லை. ஆனால் வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் அவனுக்காகப் புத்தகத்தைத் திரும்பப் புரட்டினாள். தாள் எதுவும் இதைச் செய்யவில்லை. ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 1988இல் 64 மாணவர்களை வைத்துச் செய்த சோதனை ஒன்று இந்த இடத்தில் எனக்கு எப்போதும் ஞாபகம் வரும். பேஸ்பால் ஆட்டம் ஒன்றைப் பற்றிப் படிக்கச் சொல்லி, மைதானத்தின் சிறு மாதிரியில் பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த மோசமான வாசகர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களைவிட நன்றாகச் செய்தார்கள். விஷயம் தெரிந்தால் எழுத்துப் பாதி வழி விட்டுக்கொடுக்கிறது. ஒரு காட்சியைக் கையால் காலால் செய்துவிட்டு வாசிக்க உட்காரும் பிள்ளைக்கும் அதுவே நடக்கிறது.

நடிப்பின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். கூச்சப்படுகிறவர்களை எழுப்பினால் அவர்களுக்கு அது தண்டனை. அவர்களை இயக்குநர் ஆக்கிவிடலாம். எங்கே நிற்பது, எப்போது திரும்புவது என்று சொல்ல வேண்டியது அவர்கள் வேலை. நேரமும் நிறையப் போகும். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் ‘மெக்பெத்’தான் மிகச் சிறியது, அதையே ஏழு வாரத்தில் முழுவதும் நடித்துத் தீர்க்க முடியாது. ஆறு காட்சி நடிப்பு, மீதி நான் வாசிப்பது என்று பங்கு போட்டுக்கொள்கிறேன்.

சிறு குழுவாகப் பிரித்து அவர்களே படித்துப் பேசிக்கொள்ள விடுகிற வாசிப்பு வட்டம் கேட்க அழகாக இருக்கும். நான்கு பேருக்கு நான்கு பொறுப்பு: ஒருவர் சுருக்கம் சொல்ல, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் புரியாத இடத்தைத் தெளிவாக்க, ஒருவர் அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க. இந்த நான்கையும் பாலின்க்சார், பிரௌன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் வெளியிட்ட ஆய்வில் சோதித்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்க வந்து பொருள் மட்டும் பிடிபடாத மாணவர்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்த விவரத்தை யாரும் சொல்வதில்லை. எழுத்திலேயே திணறுகிறவனை அப்படியே வட்டத்தில் உட்கார வைத்தால், கெட்டிக்காரப் பிள்ளை அவன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும், அவன் தலையாட்டிக்கொண்டிருப்பான். எல்லோரும் ஏற்கெனவே கேட்டுவிட்ட அத்தியாயத்தைப் பற்றி என்றால் மட்டும் வட்டம் நன்றாக ஓடும்.

படம் போடுவதா என்றால், போடலாம், ஆனால் முதலில் போடக் கூடாது. முதலில் போட்டால் மெக்பெத்துக்கு அந்த நடிகரின் முகம் ஒட்டிக்கொள்ளும், அதற்குப் பிறகு பிள்ளைகள் வேறு எதையும் கற்பனை செய்ய மாட்டார்கள். விருந்துக் காட்சியைப் படித்த பிறகு, அதையே இரண்டு தயாரிப்புகளில் மூன்று மூன்று நிமிடம் போடுவேன். மெக்பெத் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் பேயை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டுவதா, காலி நாற்காலியை வைத்து மெக்பெத் மட்டும் அலறுவதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். இந்தச் சண்டையில் இறங்க எந்தத் தகுதியும் வேண்டியதில்லை. நன்றாகப் படிப்பவர்கள், 1623இல் அச்சான பதிப்பில் பேய் வந்து மெக்பெத்தின் இடத்தில் உட்காருகிறது என்ற குறிப்பு இருப்பதை எடுத்துக்கொண்டு வருவார்கள். “அதை நாங்கள் ஏன் கேட்க வேண்டும்?” என்று மறுபக்கம் கேட்கும்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது என்பது எதை நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. நாவல் என்றால் தயங்காமல் உரக்க, வேகமாக, முழுவதும் வாசியுங்கள். நாடகம் என்றால் நடிப்பு முதுகெலும்பு, வாசிப்பு சதை. கவிதைக்கு இரண்டும் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். ரோமியோவும் ஜூலியட்டும் முதன்முதலில் பேசிக்கொள்ளும் 14 வரிகளை வரி வரியாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். சிலர் பொருளைப் பிடித்துச் சேர்ப்பார்கள், சிலர் ஈற்றின் ஓசையைப் பிடித்துச் சேர்ப்பார்கள். இரண்டு பேர் பேசிக்கொண்டதே சேர்ந்து ஒரு சானெட், அதாவது 14 வரிக் கவிதை, ஆகிவிட்டது என்று யாராவது ஒருவர் கண்டுபிடித்துக் கத்துவதற்குப் பொதுவாக இருபது நிமிடம் ஆகும். அதுவரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான் நமக்குக் கஷ்டம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரே ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1974இலேயே எழுதியிருக்கிறார். மூன்று விநாடி பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, புதிய ஆட்களும் பேசுகிறார்கள். என்னை நானே ஒரு முறை பதிவு செய்து கேட்டேன். நானும் அந்த ஒரு விநாடி ஆள்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒரு கணக்கு நேராகவில்லை. தேர்வு எழுத்தில்தான் நடக்கிறது. முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவ்வளவு அழகாகச் சொன்னவனுக்கு, அதைத் தாளில் எழுதச் சொன்னால் பேனா நகராது. இந்த வழிகளில் எதுவும் அதைத் தானாகச் சரிசெய்யவில்லை. இப்போதைக்கு நான் செய்வது, அவன் சொன்னதை அவன் சொன்னபடியே கரும்பலகையில் எழுதி, வகுப்பு முழுவதையும் அதை நோட்டில் எழுதச் சொல்வது. மற்றவர்கள் அங்கிருந்து ஒரு பத்தி எழுதிவிடுவார்கள். அவனுக்கு இரண்டாவது வாக்கியத்துக்கே பத்து நிமிடம் ஆகிறது. 40 நிமிடப் பாட வேளையில் அந்தப் பத்து நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதைத்தான் இந்தப் பருவத்தில் பார்க்க வேண்டும். ஆறு காட்சியை ஐந்தாகக் குறைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.